பாரிவேட்டைத் தோட்டா

செப்டம்பர் 18, ஞாயிறு

என்.சி.சி. முகாம் முடிந்து மதியம் வீட்டுக்கு வந்துவிட்டேன். சுடும் பயிற்சியில் எங்கள் பள்ளியில் நான்தான் முதல். ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன. அம்மாவிடம் சொன்னேன். "சரி, போயித் தலைக்கு ஊத்து, புழுதி நாத்தம் அடிக்குது" என்றாள்.

இந்த நோட்டை ஆரம்பித்ததற்குக் காரணம் அதுவல்ல. முகாமில் எனக்குப் பக்கத்தில் படுத்துச் சுட்டுக்கொண்டிருந்த பெண் விசையை இழுத்தாள். 'டிக்' என்று மட்டும் கேட்டது. அவள் துப்பாக்கியை இறக்கப் போனாள். மலையாளத்து ஹவில்தார் போட்ட கூச்சலில் மைதானமே உறைந்துவிட்டது. "அப்படியே பிடி மோளே! இறக்காதே! முகம் திருப்பு!" அவள் அழுதுகொண்டே பிடித்திருந்தாள். கொஞ்சம் பொறுத்துத் தானாகவே வெடித்தது. தோட்டா பழையதாகிவிட்டால் இப்படித்தான், தூங்கி எழுந்து வெடிக்கும் என்றார் ஹவில்தார்.

எனக்கு உடனே போன வருஷ விஜயதசமி ஞாபகம் வந்தது.

எங்கள் கரட்டூரில் விஜயதசமி அன்று ஐயனார் குதிரை மேல் பாரிவேட்டைக்குப் புறப்படுவார். வேட்டைத்திடலில் ஒரு வாழைமரம் நட்டிருப்பார்கள். சாமிக்காக எங்கள் அப்பா அந்த மரத்தை ரைபிளால் சுடுவார். சத்தம் கேட்டதும் சாமி வேட்டை முடித்ததாகக் கணக்கு. மேலவீடு என்று எங்களைச் சொல்வதே அந்த மரியாதையால்தான்.

போன வருஷம் அப்பா விசையை இழுத்தார். 'டிக்'. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, என்ன ஆயிற்று என்று குனிந்து பார்த்தார். அப்போது வெடித்தது. குண்டு உறுமி மேளக்காரர்களின் காலுக்கு முன்னால் மண்ணைக் கிளப்பியது. எல்லாரும் சிரித்தார்கள். "சாமி கொஞ்சம் யோசிச்சுச் சுட்டிருக்குப்பா!" என்று யாரோ கத்தினார்கள். அப்பாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தபோது அவர் கையில் சொம்பு ஆடியது. அன்றைக்குக் குளிர் அதிகம்.

எனக்குப் பயம் எதுவும் இல்லை. தெரிந்துகொண்டதை எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான். கையெழுத்து கோணலாக இருப்பது போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுவதால்.

செப்டம்பர் 21, புதன்

அந்தத் தோட்டாக்களைப் பற்றி எழுத வேண்டும்.

அவை கடையில் வாங்கியவை அல்ல. எங்கள் ரைபிள் வெள்ளைக்காரன் காலத்தது. அதற்கு ஏற்ற தோட்டா வருவது நின்றுபோனதும், தங்கமாயன் பெரியப்பா சுட்ட பித்தளைக் கூடுகளை எறியாமல் சேர்த்து வைத்தாராம். மருந்தைச் சின்னத் தராசில் நிறுத்துப் போட்டு, ஈயக் குண்டைச் செருகி, கைப்பிடி போட்ட ஓர் இயந்திரத்தில் வைத்து அழுத்தித் தாமே தோட்டா செய்தாராம். வீட்டில் அதைக் கைத்தோட்டா என்பார்கள். நான் பிறப்பதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் பெரியப்பா போய்விட்டார். அப்பாவுக்கு அவர் ஒரே அண்ணன்.

பெரியப்பா செய்து வைத்ததில் கொஞ்சம்தான் மிச்சம் இருக்கிறது. பிஸ்கட் டின்னில் சாமி அலமாரிக்கு மேலே இருக்கும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் அம்மாவும் நானும் அதை இறக்கி, குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்ப்போம். அலசி, நமுத்துப் போகாமல் இருக்க மொட்டைமாடியில் வத்தல் காயும் துணியின் ஓரத்திலேயே ஒரு நாள் முழுக்க வெயிலில் காய வைப்போம். பிறகு சந்தனம் குங்குமம் வைப்போம். தங்கம் மாதிரி மின்னும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

முகாமில் தோட்டாப் பெட்டியை ஒருவரும் வெயிலில் வைக்கவில்லை. நிழலில், பச்சைப் படுதாவுக்குக் கீழேதான் வைத்திருந்தார்கள்.

செப்டம்பர் 25, ஞாயிறு

அப்பாவிடம் நேராகவே பேசிவிட்டேன். கேம்பில் சுட்டவளுக்கு இதைப் பேச உரிமை உண்டு.

அவர் கிணற்று மோட்டார் அறையில் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, போன வருசம் லேட்டா வெடிச்சதுல்ல, அது சாமி யோசிச்சது இல்லப்பா. மருந்து கெட்டுப்போச்சு."

"யாரு சொன்னா?"

"ஹவில்தார் சார். பழைய தோட்டா ஆபத்துன்னாரு. முகத்துல வெடிச்சிரும்னாரு."

"அந்தாளு எங்கண்ணன் தோட்டாவப் பாத்தானா?"

"இல்ல."

"பெறகென்ன? கம்பெனிக்காரன் எந்திரத்துல ஆயிரம் அடைப்பான். எங்கண்ணன் ஒன்னொன்னா அடைச்சாரு. பக்கத்துல விளக்குப் புடிச்சுக்கிட்டு நின்னவன் நான்." பெல்ட்டை ஓங்கித் தட்டினார். "நீ படிக்கிற சோலியப் பாரு."

"இந்த வருசம் சுடாம இருந்தா என்னப்பா?"

அப்பா நிமிர்ந்து பார்த்த பார்வையில் நான் வரப்பில் பாதி தூரம் வந்துவிட்டேன். ஓடவில்லை. வேகமாக நடந்தேன்.

அக்டோபர் 1, சனி

காலாண்டுப் பரீட்சை முடிந்தது. அப்பா காலை பஸ்ஸில் மதுரைக்குப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. பிஸ்கட் டின் லேசாக இருந்தது. இரண்டு தோட்டா குறைகிறது.

அக்டோபர் 2, ஞாயிறு

மதுரையில் அப்பா போனது துப்பாக்கிக் கடைக்கு. அடுப்படியில் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் வெளியே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"இந்த அளவுக்குத் தோட்டாவே கிடையாதுங்கறான். இத எதுல தேச்சீங்கன்னு கேட்டான். புளியிலன்னேன். சாம்பார் வைக்கவான்னு சிரிக்கிறான், எடுபட்ட பய. வெயில்ல காய வெப்போம்னேன். அப்ப வத்தல்னு சொல்லுங்க, எண்ணெயில பொரிச்சுத் திங்கிறதுதேன்னான். கடையில நின்ன அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாய்ங்கெ."

"தோட்டா நல்லாருக்காமா?"

அப்பா காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"தூக்கிப் போடுங்கங்கறான். தண்ணி இறங்கியிருக்காம், வெயில்ல மருந்து வெந்துருக்காம். இனிமே சுட்டீங்கன்னா நான் பொறுப்பில்லங்கறான்."

"அப்பத் தூக்கிப் போட்ருங்க."

"எதடீ? எங்கண்ணன் கையி அதுல இருக்கு."

பிறகு பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அப்பா மதுரையிலிருந்து எனக்கு ஒரு பேனா வாங்கி வந்திருக்கிறார். இது அந்தப் பேனாதான். நன்றாக எழுதுகிறது.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. இனி அவர் சுடமாட்டார்.

அக்டோபர் 5, புதன்

நவராத்திரி ஆரம்பம். கீழவீட்டு வீரணன் சித்தப்பா வந்திருந்தார். பங்காளி. அவரிடம் இரட்டைக்குழல் துப்பாக்கியும், கடைத் தோட்டாவும், நீளமான நாக்கும் இருக்கின்றன.

"என்னண்ணே, இந்த வருசமாச்சும் சாமி யோசிக்காமச் சுடுமா? இல்ல ஒரு நா லீவு கேக்குமா?"

"வந்து பாரு" என்றார் அப்பா.

"பாக்கத்தானே போறேன். மூணு தடவ இழுக்கலாம், மூணும் பொய்யினா முறை கீழவீட்டுக்கு. பெரியாளுக போட்ட கட்டுப்பாடு, நான் போட்டதில்ல."

"உங்கப்பன் காலத்துலருந்து வாயப் பொளந்துக்கிட்டு இருக்கீக. இருங்க."

"இருக்கோம்ணே. காப்பி வரட்டும்" என்று சிரித்தபடி உட்கார்ந்துகொண்டார். அம்மா காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவர் முகம் அப்படித்தான் போயிற்று.

வாசல் வரை போய்த் திரும்பி வந்த அப்பா, யாரிடமும் சொல்லாத மாதிரிச் சொன்னார்: "சுடத்தேன் செய்யணும்."

அக்டோபர் 7, வெள்ளி

டின்னை இறக்கினோம். அம்மா புளியைக் கரைத்தாள். அப்பா எட்டிப் பார்த்து, "புளி வேணாம். துணியால தொடச்சாப் போதும். வெயில்லயும் வெக்காதீக" என்றார்.

"பூசைக்கு அழுக்கோடயா வெக்கிறது?"

"சொன்னாக் கேளு."

நான் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஒன்றின் கழுத்தில், குண்டு செருகியிருக்கும் இடத்தில், பச்சைக் களிம்பு. துணியால் சுரண்டியதும் அதற்கு அடியில் மயிரிழை போல ஒரு விரிசல். இன்னொன்றில் குண்டை விரலால் திருகினால் பல் மாதிரி ஆடியது. அம்மாவிடம் காட்டினேன்.

"உள்ள வெய்யி" என்றாள்.

"அம்மா, அப்பா கன்னத்த இதுக்குப் பக்கத்துல வெச்சுத்தான் சுடுவாரு. இங்க வெடிச்சா..."

"தெரியுதுடி! நான் சொல்லலன்னு நெனச்சியா? அண்ணன் பேச்செடுத்தா அவரு காதுல எதுவும் ஏறாது." டின்னை மூடிய அம்மா, மூடியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெரியவர்கள் முடிவெடுக்கத் திணறுகிறார்கள். நான் திணறவில்லை. எனக்கு ஒரு யோசனை இருக்கிறது.

அக்டோபர் 9, ஞாயிறு

யோசனை மிகவும் எளிது. எண்ணெய் பட்ட தீக்குச்சி பற்றாது. எண்ணெய் இறங்கிய தோட்டாவும் வெடிக்காது. அம்மாவின் தையல் மிஷினுக்கு விடும் எண்ணெய் விளக்கெண்ணெயை விட மெல்லியது, எந்த இடுக்கிலும் இறங்கிவிடும். எல்லாத் தோட்டாவையும் ஒரு பழைய ஜாடியில் போட்டு மூழ்க வைத்து, விறகுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். டின்னில் கனத்துக்குக் கூழாங்கல் போட்டிருக்கிறேன்.

மூன்று தடவை இழுப்பார். மூன்றும் 'டிக்'. மரியாதை கீழவீட்டுக்குப் போகும். வீரணன் சித்தப்பா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார். அப்பா ஒரு மாதம் சரியாகச் சாப்பிட மாட்டார். பரவாயில்லை. சாப்பிட வாய் இருந்தால் போதும்.

ஒரு தோட்டா மட்டும் எண்ணெயில் ஓரமாக மிதப்பது போலச் சாய்ந்து நின்றது. அழுத்திவிட்டேன்.

அக்டோபர் 12, புதன்

எடுத்துத் துடைத்து டின்னில் வைத்துவிட்டேன். ஒரு சொட்டு கூட வெளியே தெரியவில்லை. நூற்றுக்கு நூறு.

அக்டோபர் 13, வியாழன்

ஆயுத பூஜை. மோட்டார், மண்வெட்டி, அரிவாள், தையல் மிஷின், என் பேனா, ரைபிள் எல்லாவற்றுக்கும் பொட்டு. அப்பா மூன்று தோட்டாக்களைத் தேர்ந்தெடுத்துத் தட்டில் தனியாக வைத்தார். விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்னமோ எண்ணெ வாசம் வருது."

"விளக்கு எண்ணெயா இருக்கும்" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல்.

அப்பா கண்ணை மூடிக் கும்பிட்டார். பெரியப்பா படத்துக்கு முன்னால்தான் அதிக நேரம் நின்றார். உதடு அசைந்தது. சாமி படத்துக்கு முன்னால் அவர் உதடு அசைந்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

இன்று எழுத வரவில்லை. அப்பா பக்கத்து அறையில் இருமுகிறார். நன்றாகக் கேட்கிறது.

அக்டோபர் 15, சனி

இப்போது எழுதுகிறேன். வரிசையாக எழுதுகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் ஐயனார் குதிரை திடலுக்கு வந்தது. திடலின் ஓரத்தில் ஓர் எல்லைக்கல் உண்டு. பெண்கள் அதற்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். நான் முன் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் நின்றேன். உறுமி நின்றது. அப்பா தோளில் ரைபிளை வைத்து இழுத்தார்.

'டிக்' இல்லை. 'டமால்' இல்லை. பொட்டென்று ஒரு சத்தம், காய்ந்த புளியம்பழ ஓடு உடைகிற மாதிரி. வாழைமரத்தில் ஓர் இலை கூட ஆடவில்லை.

"சாமிக்குச் சளி புடிச்சிருச்சு போலண்ணே!" என்றார் வீரணன் சித்தப்பா. திடலே சிரித்தது. அப்பாவின் கழுத்து சிவந்தது. ரைபிளின் பின்தாழான போல்ட்டை இழுத்தார். வெற்றுக் கூடு விழுந்தது, அதோடு கொஞ்சம் எரியாத மருந்தும் மண்ணில் கொட்டியது. இரண்டாவது தோட்டாவைப் போட்டார்.

நான் நினைத்தது இது இல்லை. எண்ணெய் மருந்தைத்தான் கொன்றது, கூட்டின் அடியில் அந்த மருந்தைப் பற்ற வைக்கும் தீப்பொட்டைக் கொல்லவில்லை. அந்தப் பொட்டின் பலத்தில் குண்டு கிளம்பியிருக்கிறது, ஆனால் வெளியே போகப் பலம் போதவில்லை. முகாமில் ஒருமுறை இதே 'பொட்' கேட்டது. ஹவில்தார் பறந்து வந்து துப்பாக்கியைப் பிடுங்கினார். குழாய்க்குள் கம்பியை விட்டுக் குண்டைத் தட்டி எடுத்துக் காட்டினார். வழி அடைத்திருக்கும்போது இன்னொன்று வெடித்தால் குழாயே பிளந்து சுட்டவர் முகத்தில் அடிக்கும், கண் போகும் என்றார்.

இரண்டாவது தோட்டாவிலும் எண்ணெய் சரியாக இறங்கியிருக்கும் என்று ஒரு விநாடி நினைத்தேன். நான் செய்தது எதுவும் சரியாக இல்லை என்று அடுத்த விநாடியே தெரிந்தது.

எல்லைக்கல்லைத் தாண்டியது எனக்கு நினைவில்லை. "பொட்டப்புள்ள தாண்டிருச்சுய்யா!" என்று யாரோ அலறியது நினைவிருக்கிறது. நான் பின்பக்கமாக ஓடிப்போய், முகாமில் கத்தக் கற்றுக்கொண்ட மாதிரி, அடிவயிற்றிலிருந்து "ஸ்டாப்!" என்று கத்தினேன்.

அப்பா திடுக்கிட்டுக் குழாயைத் தரைக்கு இறக்கினார். நான் அவர் வலது கையைப் பிடித்து விசையிலிருந்து விலக்கினேன்.

"குழாயில குண்டு சிக்கியிருக்குப்பா. சுடாதீங்க."

"வீட்டுக்குப் போ."

"எண்ணெய் ஊத்துனது நான்தான். எல்லாத்துலயும் ஊத்துனேன்."

அப்பாவின் இடது கை ஓங்கியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் விலகவில்லை.

"அடிங்க. மொதல்ல குழாயப் பாத்துட்டு அடிங்க."

அந்தக் கை அப்படியே நின்றது. பிறகு போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்தார். போல்ட்டையே கழற்றினார். பின்பக்கத் துவாரம் வழியாகக் குழாயை வானத்துக்குப் பிடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வீரணன் சித்தப்பா வந்து வாங்கிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, வெளிச்சமே வரல. கும்மிருட்டா இருக்கு."

"ஆமா."

"ரெண்டாவது இழுத்திருந்தா?"

குதிரையைச் சுமந்தவர்கள் தோள் மாற்றிக்கொண்டார்கள். கோயில் பூசாரி, சாமி நிக்குது, யாராவது முடிவு சொல்லுங்கப்பா என்றார். அப்பா தலையில் கட்டியிருந்த பரிவட்டத்தை அவிழ்த்தார். வீரணன் சித்தப்பாவிடம் நீட்டினார்.

"கட்டுப்பாடு மூணு தடவைண்ணே. ஒன்னுதான் ஆச்சு."

"எம்பொண்ணு போதும்ங்குது. எடு."

சித்தப்பா அதை வாங்கித் தலையில் கட்டிக்கொண்டார். வேண்டாம் என்று இரண்டாம் முறை சொல்லவில்லை. தன் இரட்டைக்குழலை மடித்தார். சுடுவதற்கு முன்னால் இரண்டு குழாயையும் வானத்துக்குப் பிடித்து ஒவ்வொரு கண்ணாக மூடி உள்ளே பார்த்தார். பிறகு திரும்பவும் பார்த்தார். நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன். அதற்குள் என்னை எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் இழுத்து வந்திருந்த அம்மா, முதுகில் ஒன்று வைத்தாள்.

'டமால்' என்று வாழைமரம் சாய்ந்தது. குலவை கேட்டது. அப்பா சுட்டால் குலவையில் அம்மாவின் குரல்தான் எப்போதும் முதலில் கேட்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னோடு பேசவில்லை. என் முன்னால்தான் நடந்தார்.

அக்டோபர் 17, திங்கள்

பேசவில்லை. வரப்பில் எதிரே வந்தால் வாய்க்காலில் இறங்கிப் போகிறார்.

அக்டோபர் 20, வியாழன்

அப்பா ரைபிளோடும் டின்னோடும் மதுரைக் கடைக்குப் போய்வந்தார். எனக்குச் சொல்லவில்லை, அம்மாவுக்குச் சொன்னார். நான் வெங்காயம் உரிக்கப் போனேன்.

குழாயின் நடுவில் குண்டு இருந்ததாம். கடைக்காரர் இந்த முறை சிரிக்கவில்லையாம். மிச்சத் தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்ததில் சிலவற்றில் மருந்து எண்ணெயில் களியாகிக் கிடந்ததாம். ஒன்றில் புளித்த காடி வாசம் அடித்ததாம், உள்ளே பித்தளையையே தின்றிருந்ததாம். திடலில் இரண்டாவதாகப் போட்ட தோட்டாவைத் தனியாகக் கொண்டுபோயிருக்கிறார். அதில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் கூட இறங்கவில்லை. உலர்ந்த மருந்து, முழு அளவு.

"எங்கண்ணன் அதை மட்டும் எவ்வளவு இறுக்கமா அடைச்சிருக்காரு பாத்தியா" என்றார் அப்பா. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். காஸ் அடுப்பு அது.

மருந்தைக் கடைக்காரரே முறைப்படி போலீசில் ஒப்படைத்துவிடுவதாகச் சொன்னாராம். ரைபிளையும் கடையிலேயே விட்டுவிட்டு அப்பா வெறுங்கையோடு வந்தார்.

அக்டோபர் 22, சனி

மத்தியானம் சோறு போட்டது நான். அம்மா வேண்டுமென்றே கொல்லைக்குப் போய்விட்டாள். அப்பா தலையைக் குனிந்து சாப்பிட்டார். மோர் ஊற்றும்போது இலையைப் பார்த்தே பேசினார்.

"எண்ணெ ஊத்துனியே, எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"தோட்டா கெட்டுப்போச்சுன்னு மோட்டார் ரூம்ல சொன்னேன். நீங்க கேக்கல."

"எண்ணெ ஊத்துறேன்னு சொன்னியா?"

"இல்ல."

"ஒன்னால நான் செத்திருப்பேன்."

"நான் இல்லாட்டியும் செத்திருப்பீங்க."

சொல்லிவிட்டு மோர்க்குவளையைக் கீழே வைத்துவிட்டேன். அப்பா நிமிர்ந்தார். எட்டு நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். மோட்டார் அறையில் முறைத்ததை விடப் பயங்கரமாக முறைத்தார். நான் இந்தத் தடவை எங்கேயும் போகவில்லை. எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு கண்ணாலும் முறைத்தார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் முறைக்கட்டும்.